பத்து புள்ளி எட்டு வோல்ட்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கார்கள் கனவு காணும். சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கருமத்தம்பட்டி நால் ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, என் பட்டறை வாசலில், வேப்பமர நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும். ஆள் இல்லாத ஒரு காரில் பக்கக் கண்ணாடி மெல்ல மடங்கி விரியும். இன்னொன்றில் இண்டிகேட்டர் ஒரே ஒரு முறை கண் சிமிட்டும். தார் ரோடு உருகுகிற வெயிலில், இலைகூட அசையாத வேளையில், ஒரு வைப்பர் மட்டும் எழுந்து என்றோ எங்கேயோ பெய்த மழையைத் துடைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அப்போது மீட்டரை வைத்துப் பார்த்தால் நாற்பது மில்லி ஆம்பியர் ஓடும். ஒரு கனவுக்கு ஆகிற செலவு அவ்வளவுதான்.

என் பெயர் கருணாம்பிகை. முப்பது வருஷமாகப் பேட்டரியும் வயரிங்கும் பார்க்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேர். இருந்துவிட்டுப் போகட்டும், வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் கிடையாது.

விஷயம் புரிய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காலத்துக் காருக்கு இரண்டு பேட்டரி. தரைக்கடியில் இருக்கும் பெரியது வண்டியை ஓட்டும். முன்பக்கம் இருக்கும் சின்னது, பன்னிரண்டு வோல்ட், அதுதான் வண்டியின் நினைப்பு. புதுக் கார் வாங்கினால் முதல் ஆறு மாதம் நாமேதான் ஓட்ட வேண்டும். நாம் ஓட்ட ஓட்ட அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து அதுவே ஓட்டும், அச்சு அசல் நம்மை மாதிரியே. அப்புறமும் நாம் ஓட்டும்போதெல்லாம் பழகிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் அந்த நினைப்பைக் கம்பெனிக்காரர்களின் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள். யார் வண்டி எந்த வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றது என்பது வெளியே கசிந்து, பல குடும்பங்களின் மானம் சந்தி சிரித்தது. அப்புறம் சட்டம் வந்தது. காரின் நினைப்பு காரைவிட்டு வெளியே போகக் கூடாது. அதனால் சின்ன பேட்டரிக்குள் இருக்கும் கூழிலேயே அதைப் படிய வைத்தார்கள். வோல்ட் பத்து புள்ளி எட்டுக்குக் கீழே இறங்கினால் கூழ் கரைந்துவிடும். கரைந்தது கரைந்ததுதான். மறக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வழி வேண்டும் என்று தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள்.

வழி கிடைத்தால் நம் ஆட்கள் அதைச் சடங்கு ஆக்காமல் விடுவார்களா? வீட்டில் ஒருவர் போய்விட்டால் பதினாறாம் நாள் சாயங்காலம் அவர் காரை வாசலில் நிறுத்துவார்கள். பெரிய பேட்டரியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்விளக்கைப் போட்டுவிடுவார்கள். சொந்தபந்தமெல்லாம் சுற்றி நிற்கும். வெளிச்சம் மங்கி, மங்கி, அணையும்போது பெண்கள் அழுவார்கள். இதற்குப் பெயர் விளக்கு இறக்குதல். நானே எத்தனையோ வீட்டில் மீட்டரோடு போய் நின்றிருக்கிறேன்.

சோமனூர் லோகநாதன் விளக்கு இறக்கவில்லை.

புதன்கிழமை காலையில் அவர் என் பட்டறைக்கு வந்தார். வந்தார் என்ன, கார்தான் அவரைக் கூட்டி வந்தது. இடது பக்க சீட்டில் அவர். ஸ்டியரிங் பக்கம் காலி. திருப்பத்தில் இரண்டு முறை சின்னதாக ஹாரனைத் தட்டி, ரோட்டோரம் படுத்திருந்த நாயைச் சுற்றிக்கொண்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் நிழலில் வந்து நின்றது வண்டி. அப்படி நிறுத்துகிறவள் அவர் மனைவி சுகந்தி அக்கா. அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது.

"வாங்கண்ணா. வண்டிக்கு என்னங்க?" என்றேன்.

"வண்டிக்கு ஒன்னுமில்லீங் அம்மிணி. அவளுக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

பானெட்டைத் தூக்கி மீட்டரை வைத்தேன். பதினொன்று புள்ளி ஒன்பது. நல்ல பேட்டரி நின்ற நிலையில் பன்னிரண்டரைக்கு மேல் காட்ட வேண்டும். ஆறு அறைகளில் மூன்றாவது அறை செத்துக்கொண்டிருந்தது.

"எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்றார். அவருக்கு வலது கண்ணில் பார்வை கிடையாது. வாலிப வயதில், தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடாக்கட்டை தெறித்து அடித்தது. அதனால் எதைப் பார்த்தாலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பித்தான் பார்ப்பார். மீட்டரையும் அப்படித்தான் பார்த்தார்.

"பத்து நாளு. மிஞ்சிப்போனா பதினஞ்சு."

"அப்பறம்?"

நான் மீட்டரைக் கழற்றினேன். அவரே சொன்னார். "அப்பறம் அவ போயிருவா."

அந்தக் கண்ணுக்காகத்தான் சுகந்தி அக்கா கார் ஓட்டப் பழகினாள். இன்னொரு கண்ணிலும் புரை விழுந்து, மாதம் இரண்டு தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நாற்பத்தெட்டு வயதில் எல் போர்டு மாட்டினாள். லோகநாதனுக்கு அது பெரிய தமாஷ். தறிக்குடோன் ஆட்கள் முன்னால், தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்வார்: "எம் பொண்டாட்டி கார் எடுக்கறா, எல்லாரும் இன்சூரன்ஸ் போட்டுக்கங்கப்பா!" ஆட்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். முதல் ஆறு மாதம் அவர் அந்தக் காரில் காலே வைக்கவில்லை. பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் கை தேறிய பிறகுதான் ஏறினார். ஏறியபின் ஏழு வருஷம் இறங்கவே இல்லை.

"வேற பேட்டரிக்கு அவள மாத்த முடியுமுங்களா?" என்று கேட்டார்.

"முடியும். ஆனா சூதானமா செய்யோணும். தண்ணி மாதிரிதானுங்க இது. மேட்டுலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். வோல்ட் எதுல ஜாஸ்தியோ அதுலிருந்து கம்மியா இருக்கறதுக்குப் போகும். நெனப்பும் அதோட போகும். அக்கா இருக்கறது பதினொன்னு புள்ளி ஒம்பதுல. புதுசு அதுக்கும் கீழ இருக்கோணும். பதினொன்னு புள்ளி மூணுக்கு எறக்கி வெச்சு, மெல்லிசு வயர்ல ஒரு நாள் பூரா சேத்து வெச்சா அப்படியே எறங்கி வந்துரும்."

"தப்பிப் போச்சுன்னா?"

"ஏனுங்ணா, எங் கையில தப்புமா?"

சொன்னேனே, வாய் நீளம்.

வியாழக்கிழமை புதுப் பேட்டரி ஒன்றை எடுத்து பல்பு போட்டு இறக்கினேன். பதினொன்று புள்ளி மூன்று வந்ததும் நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, பெஞ்சில் வரிசையோடு வரிசையாக வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்துக்கே லோகநாதன் வந்துவிட்டார். அவரோடு அவசரமும் வந்தது.

"அம்மிணி, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தொட்டு வெச்சுருங்க."

எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. மறைப்பானேன். பழைய பேட்டரியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தேன். புதியதை அதன் பக்கத்தில் இழுத்தேன். மெல்லிய வயரை இரண்டுக்கும் கோர்த்து, நடுவில் டார்ச் பல்பு ஒன்றைப் போட்டேன். மணி பத்து இருபத்தைந்து. பல்பு மினுக்கென்று உயிர் பெற்றது. மின்சாரம் ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

லோகநாதன் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பல்பு முன்னால் உட்கார்ந்துவிட்டார். வெளியே கார்கள் தங்கள் பாட்டுக்குக் கண்ணாடியை மடக்கி விரித்துக்கொண்டிருந்தன. உள்ளே அந்தச் சின்ன மஞ்சள் வெளிச்சம். பட்டறையே ஏதோ தண்ணீருக்கடியில் இருப்பதுபோல அமைதியாக இருந்தது.

"இப்ப எங்க வந்திருப்பா?" என்றார் மெதுவாக.

"பாதி வயர் தாண்டியிருப்பாங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஓசூரில் இருக்கிற மகள் தன்யா போனில் கூப்பிட்டாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா, அந்தப் பேட்டரிய மாத்தறீங்களாமா? சொன்னாக் கேக்கவே மாட்டீங்களா? அம்மாவ எத்தன நாளைக்குப்பா வயர்ல கட்டி வெப்பீங்க? ஊரே பேசுது. அம்மா வீட்டுச் சொந்தக்காரங்ககூட கேக்கறாங்க, ஏன் விளக்கு எறக்கலன்னு."

"ஊருக்கென்ன கண்ணு, ஊரு சொல்லும்."

"எனக்குந்தாம்ப்பா கஷ்டமா இருக்கு. லீவுக்கு வந்தா அந்தக் கார் அம்மா மாதிரியே திரும்புது. நான் அழுகறதா, சிரிக்கறதா?"

அவர் போனை வைத்துவிட்டுப் பல்பையே பார்த்தார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகப் பட்டது.

பன்னிரண்டு அடித்ததும் ராகு காலம் முடிந்தது. சும்மா ஒரு கணக்குக்கு மீட்டரை எடுத்துப் பழைய பேட்டரியில் வைத்தேன். கொடுக்கிற பேட்டரி இறங்கியிருக்க வேண்டும். பதினொன்று புள்ளி ஏழு, ஆறு என்று ஏதாவது காட்டியிருக்க வேண்டும்.

பன்னிரண்டு புள்ளி மூன்று காட்டியது. ஏறியிருந்தது.

கை தானாக வயரைப் பிடுங்கியது. புதியதில் வைத்துப் பார்த்தேன். அதுவும் பன்னிரண்டு புள்ளி மூன்று. இரண்டும் சமம். பெஞ்சின் ஓரத்தில் சார்ஜர் வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காலி பேட்டரி வாசலைத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் சாம்பிராணி போட்டுவிட்டு, பெஞ்சில் இருக்கிற எல்லாப் பேட்டரிக்கும் வரிசையாக சார்ஜர் கிளிப்பை மாட்டிவிடுவேன். முப்பது வருஷப் பழக்கம், கைக்குக் கண் வேண்டாம். அன்று காலையிலும் மாட்டியிருக்கிறேன், இறக்கி வைத்ததற்கும் சேர்த்து. அது முழுசாக ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறது. பத்தரைக்குள் தொட வேண்டும் என்ற அவசரத்தில் நான் மீட்டர் வைக்கவில்லை. பல்பு எரிந்ததே என்றால், மின்சாரம் எந்தப் பக்கம் ஓடினாலும் பல்பு எரியும். சுகந்தி அக்கா புதியதற்குப் போகவில்லை. ஒன்றுமே எழுதாத வெறும் பேட்டரி, ஒன்றரை மணி நேரமாக அவள்மேல் வழிந்துகொண்டிருந்திருக்கிறது.

"ஆச்சுங்களா?" என்றார் லோகநாதன்.

"நீங்க போயி சாப்பிட்டுட்டு வாங்கண்ணா," என்றேன். நீளமான வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது.

அவர் போனதும் பேட்டரிக் கம்பெனியின் நவநீதைக் கூப்பிட்டேன். நல்ல பையன், எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வான். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அக்கா, நினைப்பு அடுக்கடுக்காத்தான் படியும். கடைசியாப் பழகினது மேல இருக்கும். முதல்ல பழகினது அடியில, தகட்டோட ஒட்டி இருக்கும். நீங்க செஞ்சதுல மேல இருக்கறதெல்லாம் போயிருக்கும்."

"அடியில இருக்கறது?"

"ஒன்றரை மணி நேரம்தானே? தப்பிச்சிருக்கலாம். தொட்டில் பழக்கம்னு சொல்வாங்களே, அது மட்டும் இருக்கும். வண்டியில மாட்டிப் பாருங்க. வேற எதுவும் செய்யாதீங்க, சாமி புண்ணியமாப் போகும்."

இரண்டரைக்கு அவர் திரும்பி வந்தபோது பழைய பேட்டரியைக் காரில் மாட்டியிருந்தேன். மறைத்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது உண்மைதான். கெட்ட யோசனைக்கு வர நேரமா ஆகும்? ஆனால் அவரே ஏறி உட்கார்ந்துவிட்டார். "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம், வாங்க அம்மிணி," என்று என்னையும் பின்சீட்டில் ஏறச் சொன்னார்.

கார் எழுந்தது. அப்படியே நின்றது. பின் ஒரு குதி குதித்து, பிரேக் அடித்து, இன்னொரு குதி குதித்தது. லோகநாதனின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. ஹாரன் இல்லை. திருப்பத்தில் வண்டி ரோட்டைவிட்டு இறங்கி, பயந்து, நடுங்குவதுபோல நின்றுவிட்டது. வந்த வழியே ஒரு மாதிரி ஊர்ந்து பட்டறைக்குத் திரும்பினோம். இருநூறு அடிக்குப் பத்து நிமிஷம்.

"இது அவ இல்லீங்களே," என்றார்.

நான் இறங்கி அவர் பக்கத்துக் கதவருகில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜரை, ராகு காலத்தை, மீட்டர் வைக்காததை. "எங் கை பண்ணுன தப்புங்ணா. என்ன வேணுமானாலும் திட்டிப்போடுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய மனிதர் அன்று சத்தமே இல்லாமல் அழுதார். பார்வை இல்லாத கண்ணிலிருந்தும் கண்ணீர் வந்தது. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"தன்யா சொன்னதுதான் சரி. பதினாறாம் நாளே செஞ்சிருக்கோணும். மிச்சம் மீதிய வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

பின்னால் போய்ப் பெரிய பேட்டரியின் பிளக்கைப் பிடுங்கினார். அது எல்லாருக்கும் தெரிந்த வேலை, ஊரில் எத்தனை சாவு பார்த்திருக்கிறோம். டிரைவர் பக்க ஜன்னல் வழியாகக் கையை விட்டு முன்விளக்கைப் போட்டார். மணி மூன்று நாற்பது. பட்டப்பகலில் இரண்டு விளக்குகள் வேப்பமரத்தைப் பார்த்து எரிந்தன. நான் மீட்டரை மாட்டினேன். தடுக்க எனக்கு யோக்கியதை ஏது? இருவரும் மரத்தடியில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தோம்.

செத்த அறையை வைத்துக்கொண்டு அந்தப் பேட்டரியால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? பதினொன்று புள்ளி எட்டு. கொஞ்ச நேரத்தில் ஆறு. வெயில் மரத்தடியில் காசு காசாக விழுந்திருந்தது. மற்ற கார்கள் தூங்கின. ஒரு கண்ணாடி விரிந்தது, எங்கோ ஒரு வைப்பர் எழுந்து படுத்தது. பதினொன்று புள்ளி நான்கு.

நான்கு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. டக்.

சுகந்தி அக்கா காரின் இடது கதவு. பூட்டு விடுபட்டு, கதவு ஒரு விரல் அகலத்துக்குத் தானாக விலகி நின்றது. மற்ற மூன்று கதவும் பூட்டியபடியே இருந்தன.

"அது என்ன?" என்றார் லோகநாதன். "இந்தக் கனவ அவ கண்டதே இல்லியே."

கண்டிருக்க முடியாது. மேலே ஏழு வருஷம் படிந்திருந்தது. அந்தக் கதவை நான் அறிவேன்.

"அண்ணா, இத உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அக்கா என்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காங்க."

"என்னன்னு சொல்லுங்."

"பழகுன காலத்துல அக்கா தெனமும் இந்தப் பட்டறை வரைக்கும் ஓட்டிட்டு வந்து திரும்புவாங்க. நாலரைக்கு வருவாங்க. நாலுக்கே கெளம்பலாமே, ஏன் லேட்டுன்னு ஒருநா கேட்டேன். நாலு மணிக்குத் தறிய நிறுத்திட்டு டீ குடிக்க நீங்க குடோன் வாசலுக்கு வருவீங்களாமா. அந்த நேரத்துக்கு வாசல்ல வண்டியக் கொண்டாந்து நிறுத்தி, உங்க பக்கத்துக் கதவ மட்டும் தெறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்களாமா. பத்து நிமிஷம். நீங்க வரலைன்னா சாத்திக்கிட்டு வந்துருவாங்க. 'இன்னைக்கு ஏறுவாருன்னு பாத்தேன் கருணா, பரவால்ல, நாளைக்கு ஏறுவாரு'ம்பாங்க. ஆறு மாசமும் அப்படித்தான். 'அண்ணன்கிட்டச் சொல்லிப்போடாத, பாவம், தறிகிட்டயே நின்னு களைச்சவரு'ன்னாங்க."

லோகநாதன் எழுந்து நின்றார். "வண்டி நிக்கறத நான் பாத்திருக்கறேன்," என்றார். "தெனமும் பாத்திருக்கறேன் அம்மிணி. அவ தெனமும் வண்டி தொடைக்கறாளாக்கும்னு நெனச்சேன். கதவு தெறந்திருந்தது எனக்குத் தெரியலியே. அது எம் பார்வ இல்லாத கண்ணுப் பக்கமா இருந்திருக்கு."

விளக்கு மங்க ஆரம்பித்தது. நான் மீட்டரைப் பார்த்தேன். பதினொன்று புள்ளி ஒன்று.

"அண்ணா, பத்து நிமிஷத்துல கதவு பூட்டிக்கும். அதுவரைக்கும் பேட்டரி தாங்காது."

அவர் ஓடினார். டிரைவர் ஜன்னலில் கையை விட்டுத் துழாவினார். வைப்பர் ஆடியது, இண்டிகேட்டர் அடித்தது, விளக்கு அணையவில்லை. பதினொன்று. "எங்கீங், எங்க இருக்குது!" என்று தறிக்குடோன் குரலில் கத்தினார். பத்து புள்ளி ஒன்பது. நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்து ஸ்விட்சின்மேல் வைத்தேன். அவர்தான் அணைத்தார். அணைத்தது அவர் கைதான்.

சுமை இறங்கியதும் வோல்ட் கொஞ்சம் எழுந்தது. பதினொன்று புள்ளி ஒன்று. இரண்டு. நான் பின்னால் போய்ப் பெரிய பேட்டரியின் பிளக்கைச் சொருகினேன். அதில் கூழ் கிடையாது, வெறும் மின்சாரம்; நினைப்பை அழிக்காது. மீட்டர் மளமளவென்று ஏறிப் பதினாலு புள்ளி ஒன்றில் நின்றது. இடது கதவு அந்த ஒரு விரல் இடைவெளியோடு இன்னும் காத்திருந்தது.

கூழில் படிந்த பழக்கம், வேறொன்றும் இல்லை. முப்பது வருஷம் பேட்டரி பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நான் தள்ளி நின்றுகொண்டேன்.

லோகநாதன் வேட்டியை ஒதுக்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இடது பக்கம் ஏறினார். கதவைச் சாத்தினார். பெல்ட் போட்டுக்கொண்டார். கார் அசையவில்லை. ரொம்ப நேரம் அசையவில்லை. அந்த ஆறு மாதத்தில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை, பாவம், அதற்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்காது.

"போலாம் சுகந்தி," என்றார். "அவசரமில்ல. உனக்கு எப்படி வருதோ அப்படி ஓட்டு. நான் இருக்கறேன்."

கார் ஒரு குதி குதித்தது.

நான் கதவருகே குனிந்தேன். "அண்ணா, இந்தப் பேட்டரி ஒரு வாரந்தான் தாங்கும். திங்கக்கெழம வேற மாத்திரலாம். இந்தத் தடவ மூணு வாட்டி மீட்டர் வெப்பேன்."

"வெய்யுங். ராகு காலம் மட்டும் பாக்க வேண்டாமுங்," என்றார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

குதித்துக் குதித்து வண்டி நால் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சிக்னல் பச்சை விழுந்தது. கார் நகரவில்லை. ஓர் அடி போனது, பயந்து நின்றது. பின்னால் கோயமுத்தூர் பஸ், அதற்குப் பின்னால் லாரி. பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினான். "யோவ், ஓட்டத் தெரியாதவங்கள எல்லாம் எதுக்கய்யா ரோட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்றீங்க?"

இடது பக்க ஜன்னல் இறங்கியது. லோகநாதன் பாதி உடம்பை வெளியே நீட்டினார். நூறு தறிகள் ஓடினாலும் கேட்கிற அந்தக் குரலில், நால் ரோட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எம் பொண்டாட்டி இப்பத்தான் பழகறாப்பா! சித்த பொறுத்துப் போ!"

பஸ்காரன் பொறுத்துத்தான் போனான்.